மணிக்கட்டுல ரெண்டு அமுக்கு

ஒரு ஊர்ல ஒரு பயில்வான். சேலத்துக்குப் பக்கம். பேரு செங்கோடன். ஊரே அவன நம்புச்சு. நம்பாத ஆளு ஒரே ஒருத்தர்தான். அது யாருங்கிறே? அவனேதான். எங்க, "ம்" சொல்லு. அப்பதான் கதை நகரும்.

ம்.

சின்ன வயசுல அவன் சும்மா ஆசைக்குக் குஸ்தி போட்டான். விடியும்போதே கோதாவுல இறங்கிடுவான். கோதான்னா மண்ணுக்குழி, குஸ்தி போடுறதுக்குன்னே மண்ணச் சலிச்சு, எண்ணெயும் மோரும் ஊத்திப் பதப்படுத்தி வச்சிருப்பாங்க. அதுல தொம் தொம்முனு விழுவான், எந்திரிப்பான், மறுபடி விழுவான். அப்புறம் இருபத்திரெண்டு வயசுல சேலத்துலயே பெரிய போட்டி வந்துச்சு. மாநிலம் பூராவுலேருந்து ஆளுங்க வந்தாங்க. மொத ஆள இடுப்பப் பிடிச்சுத் தூக்கினான், தொம். ரெண்டாவது ஆள காலத் தட்டினான், தொம். மூணாவதுதான் கடைசி ஆட்டம். எதிர்ல ஆர்க்காட்டு மஸ்தான். சுவரு மாதிரி ஆளு. அரை மணி நேரம் ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னாங்க, ஹூம் ஹூம்முனு. அப்போ மஸ்தான் செங்கோடன் மணிக்கட்டப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினான். அப்புறம் இன்னொரு அமுக்கு. அடுத்த நொடி மஸ்தான் முதுகு மண்ணுல கெடந்துச்சு. செங்கோடன்தான் சாம்பியன். வெள்ளி பெல்ட்டு ஒண்ணு குடுத்தாங்க. அத வீட்டுல ஆணியில மாட்டி வச்சான்.

பெல்ட்டு இருந்துச்சு, வேலை இல்ல. அப்போ பரஞ்சோதின்னு ஒருத்தர் வந்தார். ஊர் ஊராக் கூடாரம் போட்டு, பலகை மேடை கட்டி, டிக்கெட்டு போட்டுக் குஸ்தி காட்டுற முதலாளி. செங்கோடனுக்குச் சிவப்பு அங்கி தச்சுக் குடுத்தார், "இடி வீரன்"னு பட்டம் குடுத்தார். மொத நாள் காலையில தோள்ல கை போட்டுச் சொன்னார்.

"இன்னைக்கு நீதான் ஜெயிக்கிறே."

"தெரியுங்க."

"தெரியாது உனக்கு. ஏழாவது நிமிஷம் ஜெயிக்கிறே."

செங்கோடனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. அங்க எல்லாம் முன்னாடியே பேசி வச்சதாம். யாரு தூக்கணும், யாரு விழணும், எந்த நிமிஷம் விழணும், எல்லாமே. விழும்போது உள்ளங்கையால பலகையில படார்னு ஒரு அடி அடிக்கணும், சத்தம் கடைசி வரிசைக்கும் போகணும். விழுந்தப்புறம் மூச்சு நின்ன மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடணும். இதுக்கெல்லாம் ஒரு ரகசிய அடையாளம் உண்டு. மணிக்கட்ட ரெண்டு தடவ அமுக்கினா, "இப்போ தூக்கப் போறேன், உடம்பத் தளர்த்திக்கோ"ன்னு அர்த்தம். இல்ல, விழப்போறவனே அமுக்கினா, "நான் ரெடி, தூக்கு"ன்னு அர்த்தம். யாருக்கும் அடிபடாது. ஜனங்க கை தட்டுவாங்க.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

பத்து வருஷம் ஓடிப்போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தர்மபுரில ஆட்டம். எதிராளி மணிக்கட்ட ரெண்டு அமுக்கு அமுக்கினான். செங்கோடன் உடம்பு தானா வாழைத்தண்டு மாதிரி தளந்துச்சு. படார். பலகையில மல்லாந்து கெடந்து, வாயத் தொறந்து மூடிக்கிட்டே கூடாரத்துத் துணியப் பாத்தான். அப்போதான் சுரீர்னு ஒரு நெனப்பு. மஸ்தானும் அன்னிக்கு ரெண்டு தடவதானே அமுக்கினான்?

அவ்வளவுதான். பூச்சி உள்ள போயிடுச்சு. குறுகுறு, குறுகுறுன்னு அரிக்க ஆரம்பிச்சுது. போட்டி நடந்தது நம்ம ஊர்ல. மேடையில உக்காந்திருந்த பெரிய மனுசங்க எல்லாம் நம்ம ஊரு. யாராவது மஸ்தான்கிட்டப் பேசியிருப்பாங்களோ? சுவரு மாதிரி நின்னவன் எப்படிச் சட்டுனு விழுந்தான்? இத்தன வருஷம் பொய்யா ஜெயிச்சதெல்லாம் அவனுக்கு உறுத்தல. அது வேலை. நிஜமா ஜெயிச்சது ஒண்ணு இருக்குன்னு ஒரு தெம்பு இருந்துச்சு. அதுவும் பொய்யின்னா அப்புறம் அவன் யாரு? பெல்ட்டக் கழட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான்.

மொதல்ல பொண்டாட்டி நல்லக்காகிட்டக் கேட்டான். அவளும் அன்னிக்குக் கூட்டத்துல இருந்தவ. முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொன்னா, "ஏனுங்க, அதையெதுக்கு இப்பக் கேக்கறீங்க? நீங்க போட்ட போடுல அந்த மனுசன் மீனாட்டம் வாயத் தொறந்து தொறந்து மூடிட்டுக் கெடந்தாரு. எனக்குப் பாவமாப் போச்சு."

வாயத் தொறந்து மூடினானா? செங்கோடன் முகம் கறுத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவன் செய்யுறதும் அதத்தானே.

அடுத்து அவனுக்குக் குஸ்தி சொல்லிக் குடுத்த வாத்தியார்கிட்டப் போனான். அவரு அப்போ சைக்கிள் கடை வச்சிருந்தார். ட்யூபத் தண்ணில முக்கி ஓட்டை தேடிக்கிட்டிருந்தார், பொளக் பொளக்குனு குமிழி வந்துச்சு. தலையத் தூக்காம, ஜெயிச்சது ஜெயிச்சதுதான், போய் வேலையப் பாருன்னார். ஏன் தலையத் தூக்கல? இவருக்கும் தெரியுமோ? சைக்கிள் கடை வைக்க யாரு உதவினாங்க? பாரு, ஒரு தடவ சந்தேகம் வந்துட்டா பஞ்சர் ஒட்டுறவர் குனிஞ்சிருந்தாக் கூடக் குத்தம்.

ம்.

மிச்சம் மூணாவது ஆளுதான். பஸ்ஸுல ஏறி ஆர்க்காட்டுக்கே போயிட்டான். மஸ்தான் அங்க மரவாடி வச்சிருந்தான். வாள் கர்ர்ர்ர்னு மரத்த அறுத்துக்கிட்டிருந்துச்சு. உடம்பெல்லாம் மரத்தூளு, தாடியில நரை. செங்கோடனப் பாத்ததும் வாள நிறுத்தினான்.

"இடி வீரனா? வாபா. போஸ்டர்ல பாத்தேன். அங்கி நல்லா கீது."

கடையாள அனுப்பி டீ வாங்கியாரச் சொன்னான். டீ வர்றதுக்குள்ள செங்கோடன் கேட்டுட்டான்.

"அன்னிக்கு நீ எனக்காக விழுந்தியா?"

மஸ்தான் தாடியில ஒட்டியிருந்த மரத்தூளத் தட்டினான். அப்புறம் சொன்னான், ஆர்க்காட்டுக்குத் திரும்பினப்போ ஊரே அவன அதத்தான் கேட்டுச்சாம். ஆட்டத்தக் காசுக்கு வித்துட்டு வந்துட்டான்னு அவன் அண்ணனே ஒரு வருஷம் பேசலையாம். மாமனாரு வீட்டுக் கல்யாணத்துல பந்தியில உக்காந்தா பக்கத்துல இருக்கறவன் எந்திரிச்சுப் போவானாம்.

"ஊரு கேட்டுச்சு, சரி. என் முதுக மண்ணுல வச்சவன், நீயுமா கேக்குறே?"

வாயால சொன்னா நீ நம்ப மாட்டேன்னுட்டு, சட்டையக் கழட்டினான். மரவாடிக்குப் பின்னால அவனுக்குன்னு ஒரு கோதா இருந்துச்சு. இன்னும் தெனமும் மண்ணக் கிளறிக்கிட்டுத்தான் இருந்தான். மரம் அறுக்கிற ஆளுங்க நாலு பேரு வேலைய விட்டுட்டு சுத்தி வந்து நின்னாங்க. அதுல ஒருத்தன், டிக்கெட்டு உண்டான்னு கேட்டான்.

ரெண்டு பேரும் மண்ணத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. தோளும் தோளும் மோதுச்சு, டமீர். வயசான எருமைங்க மாதிரி மூச்சு விட்டாங்க, புஸ்ஸு புஸ்ஸுனு. செங்கோடன் கழுத்தப் பிடிச்சான், நழுவுச்சு. காலத் தட்டினான், அசையல. இடுப்புக்குப் போனான், கை எட்டல. அப்போ மஸ்தான் அவன் மணிக்கட்டப் பிடிச்சான். ஒரு அமுக்கு. இன்னொரு அமுக்கு.

என்ன ஆச்சு தெரியுமா? செங்கோடன் புத்தி வேண்டாம் வேண்டாம்னுச்சு. உடம்பு கேக்கல. பத்து வருஷப் பழக்கம். வாழைத்தண்டு மாதிரி தளந்து போச்சு. அந்த ஒரு நொடி போதாதா மஸ்தானுக்கு? அப்படியே தூக்கி... தொம்.

உள்ளங்கையால அடிக்க நேரமே இல்ல. முதுகு மண்ணுல பட்டதும் மூச்சு மொத்தமா வெளிய போயிடுச்சு. உள்ள இழுக்கப் பாக்குறான், வரல.

மஸ்தான் மேல நின்னு பாத்தான். இப்போ அவன் முகத்துலதான் சந்தேகம்.

"இன்னாபா இது? சட்டுனு தளந்துட்டே. ஷோ காட்டுறியா? எனக்குப் பாவம் பாத்து விழுந்தியா?"

இல்லன்னு சொல்லணும் செங்கோடனுக்கு. ரொம்ப ஆசை. ஆனா மூச்சு இருந்தாத்தானே வார்த்தை வரும்? வாயத் தொறந்தான், மூடினான். தொறந்தான், மூடினான். மீனு மாதிரி. பொய்யா செய்யும்போது மூக்கு வழியா கொஞ்சம் மூச்சு போயிக்கிட்டிருக்கும். இதுல அதுவும் இல்ல. கண்ணுல தண்ணி வழிஞ்சுது. அப்போதான் நல்லக்கா சொன்னது ஞாபகம் வந்துச்சு. மஸ்தான் அன்னிக்கு நடிக்கல. கையப் படார்னு அடிக்கவும் இல்ல. அவனுக்கு ஷோவே தெரியாதே, நடிக்க எங்க கத்துக்கிட்டிருப்பான்?

மஸ்தான் குனிஞ்சு நல்லா பாத்தான். பாத்துட்டுச் சிரிச்சான்.

"சரி, நிஜம்தான். அன்னிக்கு நீயும் என்னிய இப்படித்தான் போட்டே. மூணு நாளு முதுகு வலி."

அப்புறம் கை குடுத்துத் தூக்கிவிட்டான். மூச்சு வந்ததும் செங்கோடன் மொதல்ல கேட்டது மணிக்கட்டப் பத்தித்தான். மஸ்தானுக்கு எதுக்குக் கேக்குறான்னே புரியல. மண்ணு வழுக்கும்ல, மொத அமுக்கு மண்ண ஒதுக்க, ரெண்டாவது அமுக்கு பிடிக்க, எங்க கோதாவுல எல்லாருமே அப்படித்தான்னான். ஆறிப்போன டீயக் குடிச்சாங்க ரெண்டு பேரும்.

செங்கோடன் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கு அடியிலேருந்து பெல்ட்ட எடுத்து, தூசி தட்டி, பழைய ஆணியிலயே மாட்டினான். அடுத்த ஞாயித்துக்கிழமை கூடாரத்துக்கும் போனான். போகாம? வேலையாச்சே. பரஞ்சோதிகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "மணிக்கட்ட அமுக்குறது மட்டும் வேண்டாங்க. விழணும்னா காதுல சொல்லச் சொல்லுங்க. விழுறேன்."

எங்க, "ம்" காணோம்?

தூங்கிட்டியா, தூங்குற மாதிரி நடிக்கிறியா? இரு, கைய இப்படித் தூக்கி விட்டுப் பாக்குறேன். நடிக்கிற கை மெதுவா இறங்கும். நிஜமாத் தூங்குற கை...

தொப்.

சரிதான். செங்கோடனும் மண்ணுல சாஞ்சாச்சு, நீயும் பாயில சாஞ்சாச்சு. கதை இதோட ஆச்சு.