உலகநாதன் வீட்டு வெங்காய மிசின்

கோவில்பட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலைமணி சலூனுக்குப் போகிறவர்கள் முடியை மட்டும் வெட்டிக்கொண்டு திரும்பிவிட முடியாது. உலகநாதன் அண்ணாச்சியின் பேச்சையும் கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அண்ணாச்சிக்குத் தொழில் இன்சூரன்ஸ். வீட்டுக்கு எது வாங்கினாலும் அது ஊரில் இல்லாத சாமானாக ஆகிவிடும். அவர் குடை வாங்கிய வருஷம், அதில் பட்ட மழைக்கே சளி பிடித்துவிட்டது என்று சொன்னவர்.

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டிரில் மாஸ்டர் இருதயராஜ். ஒரு விசிலில் பள்ளிக்கூடம் முழுவதையும் இடதுபக்கம் திருப்பிவிடுகிற மனுஷன். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு சின்ன வெங்காயம்கூட அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் மனைவி பிலோமினா ஈரத்தில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்ட நாளிலிருந்து அடுப்படி அவருடையது. சாம்பாருக்கு நறுக்க உட்கார்ந்தால் வெங்காயம் ஒருபக்கம் ஓடும், கத்தி ஒருபக்கம் ஓடும். கண் சிவந்து கிடப்பதைப் பார்த்து, வாத்தியார் குடிக்கப் பழகிவிட்டாரோ என்று தெருவில் ஒரு பேச்சுகூட இருந்தது.

மத்தியானம் பிலோமினாவின் அண்ணன்மார் ரெண்டு பேரும் தூத்துக்குடியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கை கூடுகிற வரைக்கும் தங்கச்சியை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்பது அவர்கள் எண்ணம். இருதயராஜுக்கு அதில் விருப்பமில்லை. அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாயால் சொல்லத் தெரியாத ஆள். ஒரு நல்ல சாப்பாடாகப் போட்டு, இங்கேயே அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணாச்சி புது மிசினைப் பற்றி ஆரம்பித்தார். ஃபுட் ப்ராசசராம். சொம்பு உயரந்தான் இருக்குமாம். வெங்காயத்தைப் போட்டுவிட்டுச் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனாலே போதும், கை போய்ச் சேர்வதற்குள் நறுக்கி முடித்துவிடுமாம்.

"கண்ணு எரியாதா அண்ணாச்சி?" என்று இருதயராஜ் கேட்டார். அவருக்கு அது முக்கியம்.

கண்ணுக்குத் தெரிந்தால்தானே எரிவதற்கு என்றார் அண்ணாச்சி. செவ்வாய்க்கிழமை நறுக்கின வெங்காயத்துக்கு அவர் வீட்டு அம்மாவுக்குப் புதன்கிழமை சாயங்காலந்தான் கண்ணீர் வந்ததாம், அதுவும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது.

பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த டயர்க்கடை மைதீன் பேப்பரை இறக்கிவிட்டு அண்ணாச்சியை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் பேப்பரை ஏற்றிக்கொண்டார்.

இருதயராஜுக்கு அதில் பாதி உண்மையாக இருந்தாலே போதும். இன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்த மிசினைத் தரமுடியுமா என்று கேட்டுவிட்டார். அண்ணாச்சி இதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தருவதற்கென்ன, ஆனால் பழக்கமில்லாதவர் கையில் கொடுப்பது ஆபத்து என்றார். முதல் நாள் அவரே ஏமாந்துவிட்டாராம். கொத்தவரங்காயைப் போட்டு, ஒரு சுற்றுக் கூடுதலாக விட்டுவிட்டார். உள்ளே இருந்த காய் தீர்ந்துபோய், தெருவில் தள்ளுவண்டியில் இருந்த காயெல்லாம் பொடிப்பொடியாக விழுந்துவிட்டது. வண்டிக்காரன் வாசலில் வந்து சத்தம் போட்டானாம்.

நான் தள்ளி நின்று ஓட்டிக்கொள்கிறேன் என்றார் இருதயராஜ்.

"வாத்தியாரே, ஓட்டிருவீங்க. அதுக்கப்புறம் மிச்சமாகிற நேரத்தை என்ன செய்வீங்க? அதைச் சமாளிக்கத்தான் ஆளு வேணும்."

சுடலைமணி கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பாதிக் கன்னம் மழித்தது, பாதி மழிக்காதது. அண்ணாச்சி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மிசின் வந்த வாரமே காலைப் பலகாரம் விடிவதற்கு முன்னால் முடிந்துவிட்டதாம். கை நிற்கவில்லை. அப்படியே மத்தியானச் சோறு, ராத்திரித் தோசை, மறுநாள் பொரியல் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறது. "கடைசில பாத்தா சமையல் வியாழக்கிழமை ரசம் வரைக்கும் போயிட்டு. நாங்க இன்னும் ஞாயித்துக்கிழமையிலயே கிடக்கோம்."

மைதீனுக்குப் பொறுக்கவில்லை. "அப்போ வியாழக்கிழமை என்னத்தச் சாப்பிட்டீரு?"

"வியாழக்கிழமை பட்டினி. அதான் முன்னாலயே சாப்பிட்டாச்சே."

அதற்குப் பிறகு அண்ணாச்சி தரையில் இல்லை. மிச்சமான நேரம் வீட்டில் போட இடமில்லாமல் பரணில் ஏற்றி வைத்திருக்கிறாராம். பக்கத்து வீட்டம்மா காப்பித்தூளுக்கு வருகிறமாதிரி டம்ளரோடு வந்து அரைமணி நேரம் வாங்கிக்கொண்டு போகிறாள், திருப்பித் தரும்போது தலைதட்டித்தான் தருகிறாள் என்று குறைப்பட்டுக்கொண்டார். இருதயராஜ் கண்ணாடியில் தெரிந்த கடிகாரத்தைப் பார்த்தார். அந்த டம்ளரில் எனக்கும் ஒரு அரைமணி ஊற்றினால் என்ன என்று அவர் மனசு நிஜமாகவே ஏங்கியது.

அப்போதுதான் வாசலில் உலகநாதனின் மனைவி செல்லக்கனி வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் கூடை. அதற்குள் அந்த மிசின். ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறாள். ஞாயிறு என்று பூட்டிக் கிடந்திருக்கிறது. திரும்பி வரும்போது மைதீனைப் பார்த்துவிட்டு, பெரிய ஸ்பானர் ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். வாங்கின அன்றைக்கு வீட்டுக்காரர் செய்து காட்டுகிறேன் என்று வெங்காயத்தைப் போட்டு மூடியைத் தப்பாகத் திருகிவிட்டாராம். அன்றைக்கு இறுகினதுதான், இன்னும் ஓடவில்லை, திறக்கவும் இல்லை.

அண்ணாச்சி மைதீன் கையிலிருந்த பேப்பரை வாங்கிப் பிரித்துக்கொண்டார்.

இருதயராஜ் துண்டோடு எழுந்து வந்தார். மிசினை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, மூச்சைப் பிடித்து ஒரு திருகு. பள்ளிக்கூடத்துக் கயிறு இழுக்கும் போட்டியில் பழகின கை. மூடி டப்பென்று கழன்றது. உள்ளே பிளேடைச் சுற்றி வெங்காயமெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேலென்று முளைவிட்டிருந்தது.

மைதீன் குனிந்து பார்த்தார். சுடலைமணி பார்த்தான். கடைசியாக அண்ணாச்சியும் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன வாட்டங்கூட இல்லை.

"பாத்தீங்களா," என்றார். "நறுக்குறதோட நிக்கல. வெவசாயமும் பாக்குது."

செல்லக்கனி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "மிசின் மூடி தொறந்துட்டு சார்," என்றாள் இருதயராஜிடம். "இவருக்குத்தான் மூடியே கிடையாது." அக்காவுக்குக் கை சரியாகிற வரைக்கும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடையோடு கொடுத்துவிட்டுப் போனாள்.

மிச்சக் கன்னத்தையும் மழித்துக்கொண்டு இருதயராஜ் வீட்டுக்கு ஓடினார். மிசின் நன்றாகத்தான் ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் வெங்காயம் பூப்போல விழுந்தது. ஆனால் அந்த வெங்காயத்தை உரிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மிசின் உரிக்காதா என்று பிலோமினா ஒற்றைக் கையால் உரித்தபடியே கேட்டாள். அப்புறம் கிண்ணம், மூடி, பிளேடு, ரப்பர் வளையம் என்று தனித்தனியாகக் கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அரிவாள்மனையிலேயே இன்னொரு சாம்பாருக்கு அரிந்திருக்கலாம் என்று பிலோமினா சொன்னாள். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, கண் எரியவில்லை, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள்.

மச்சினன்மார் வந்து சாப்பிட்டார்கள். பெரியவர் சாம்பாரை ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். சின்னவர், தங்கச்சி இங்கேயே இருக்கட்டுமே, மாப்பிள்ளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்றார். பிலோமினா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சாயங்கால பஸ்ஸுக்கு அவர்கள் ரெண்டு பேர் மட்டுந்தான் ஏறினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உலகநாதன் அண்ணாச்சி சலூன் பக்கம் வரவில்லை. சுடலைமணி இருதயராஜ் முகத்தில் நுரை போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த மிசின் எப்படி சார் என்று மைதீன் கேட்டார். வெங்காயத்தை நறுக்கும், கழுவத்தான் கஷ்டம் என்று சொல்லத்தான் இருதயராஜ் வாயைத் திறந்தார்.

"என்னத்தச் சொல்ல மைதீன்," என்று வந்தது. "பஸ்ஸு எட்டயபுரம் தாண்டல, அதுக்குள்ள எங்க வீட்டுச் சாம்பார் வாசம் பஸ்ஸுக்குள்ள போயிட்டு. கண்டக்டர் விசிலடிச்சு வண்டியை நிறுத்தி, எறங்கித் தேடுறான். என் மச்சினன்மார் அங்கனயே இலையப் போட்டு..."

"வாயை மூடுங்க சார்," என்றான் சுடலைமணி. "நுரை உள்ள போகுது."