கதையை ஒப்பித்த நரி

தாய்லாந்துக் காட்டில், ஒரு தாமரைக் குளத்தின் ஓரத்தில் சொக்கு என்ற நரி உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் கருவாட்டு வாசனைக்கு ஆசைப்பட்டுக் கப்பல் ஏறி, அதிலேயே தூங்கிப்போய், இங்கே வந்து இறங்கிய புத்திசாலி அது!

சொக்குவுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. பாவம் பார்த்து, பல மொழி பேசும் மைனா மாலி சொல்லித்தர வந்தது. கிணற்றில் விழுந்த முயலைப் பற்றிய தாய்லாந்துக் கதை ஒன்றை அந்த மொழியிலேயே பொறுமையாகச் சொன்னது.

“புரிஞ்சுதா? இப்போ உன் சொந்தச் சொல்லுல நாலு வரி சொல்லு!”

“சொந்தச் சொல்லா? எங்க ஊர்ல எல்லாம் மனப்பாடம்தான்! எழுத்து பிசகாம ஒப்பிக்கிறேன், பாரு!”

ஒப்பித்தும் காட்டியது. மாலி தலையில் அடித்துக்கொண்டு பறந்துபோனது. சொக்குவுக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தத் திமிரில் குளத்தில் துள்ளி இறங்கியது. பொதக்கென்று கால்கள் சேற்றில் புதைந்தன!

கரையில் நாலு எருமைகள் வந்தன. கத்தினால் காப்பாற்றிவிடும். ஆனால் ‘காப்பாத்துங்க’ என்பதற்கு அந்த மொழியில் என்ன? கதையில் முயல் கடைசியில் அதைத்தானே கத்தும்! ஆனால் அதை மட்டும் தனியே எடுக்க வரவில்லை. மனப்பாடக்காரர்களுக்கு எப்போதும் இதே தொல்லை. சொக்கு முதலிலிருந்து தொடங்கியது.

“முன்னொரு காலத்துல, மூங்கில் காட்டுல ஒரு முயல்...”

“அட, கதை!” என்று எருமைகள் சப்பணம் போட்டு உட்கார்ந்தன.

சேறு வயிற்றுக்கு வந்தது. சொக்குவுக்கு இருமல் வந்தது. வரி மறந்துபோனது.

“முன்னொரு காலத்துல...”

“மறுபடியும் முதல்ல இருந்தா! பிரமாதம்!” என்றது பெரிய எருமை பூன்மா.

சேறு கழுத்துக்கு வந்தபோதுதான் அந்த இடம் வந்தது. “சுவய் துவய்!” அதாவது, ‘காப்பாத்துங்க!’ என்று அலறியது சொக்கு.

“அடடா, என்ன நடிப்பு!” என்று எருமைகள் காதுகளை ஆட்டிப் பாராட்டின. “இன்னொரு கதை சொல்லு!”

பறந்து வந்த மாலி பதறிப்போய், தாய்லாந்து மொழியிலேயே கேட்டது. “மாட்டிக்கிட்டது யாரு? முயலா, நீயா?”

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை! சொக்குவுக்கு அழுகையே வந்துவிட்டது. தலைக்குள் தேடித் தேடி, கிடைத்ததை எல்லாம் அள்ளிக் கொட்டியது.

“நான்... சேறு உள்ளே... முயல் இல்லே... இழு வால்!”

“இதை முதல்லயே சொல்லக்கூடாதா!” என்ற பூன்மா, சொன்னபடியே, சேற்றுக்கு மேலே நீட்டியிருந்த வாலைக் கவ்வி இழுத்தது. நரி முழுதாக வெளியே வந்தது. வால் மட்டும் ஒரு சாண் நீண்டுவிட்டது.

பிழையில்லாமல் ஒப்பிக்கும் நூறு வரிகளைவிட, தப்பும் தவறுமாக நாமே சேர்த்துச் சொல்லும் நாலு சொற்களே ஆபத்தில் கைகொடுக்கும்.