மடையைக் கொடுத்த மந்திரி

ஏரிகளுக்கும் அரசு இருந்த காலம் அது, கேளுங்கள்.

ஒரு பெரிய ஏரி. அதன் ஓரத்தில் தவளைகளின் சிறு குட்டை. ஏரியை ஏரிச்சபை ஆண்டது. குட்டைக்கு நீர் விடும் மடையை மட்டும் குட்டையே திறக்கும், குட்டையே மூடும். அதில் சபை கை வைக்காது. பழைய ஏற்பாடு அது.

சபைக்கு இருபத்தொரு பேர். பதினொரு பேர் யார் பக்கமோ, அவர் அரசர். அந்த மாசியில் கொக்குகள் ஒன்பது, ஆமைகள் ஒன்பது, தவளைகள் மூன்று என்று வந்து சேர்ந்தார்கள்.

தவளைத் தலைவன் செம்புள்ளியின் வீட்டுக்கு அதுவரை பெரியவர் யாரும் வந்ததில்லை. அன்று ஆமைத் தலைவர் கல்முதுகர் நடந்தே வந்தார்.

"நீங்கள் மூவரும் என் பக்கம் வந்தால் நீதான் மடை மந்திரி, தம்பி. உங்கள் மடையைச் சபையிடம் ஒப்படைத்துவிடு. அதைப் பார்த்துக்கொள்ளப் போவதும் நீதானே" என்றார்.

தவளைக் குலத்தில் யாரும் மந்திரியாகச் சபைப் பாறையில் உட்கார்ந்ததில்லை. மடை எங்கே போய்விடும், தன் கையிலிருந்து தன் கைக்குத்தானே என்று செம்புள்ளி நினைத்தான். முட்டையிட்டிருந்த மனைவி நீலி வேண்டாம் என்றாள். அவன் ஒப்படைத்தான். கல்முதுகர் அரசரானார்.

பங்குனியில் குட்டை வற்றத் தொடங்கியது. தலைப்பிரட்டைகளுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை. செம்புள்ளி மடையைத் திறக்கக் கேட்டான். அடுத்த சபையில் பார்ப்போம் என்றார் அரசர். மறுபடி கேட்டான். ஏரியிலேயே நீர் குறைவு, ஆமைகள் வருந்தும் என்றார். மூன்றாம் முறையும் கேட்டான். மந்திரி கேட்கலாம், உத்தரவு என்னுடையது என்றார்.

செம்புள்ளி பாறையிலிருந்து குதித்தான். இனி ஆதரவில்லை, ஆட்சி விழட்டும் என்றான்.

விழவில்லை. வெயில் சாய்வதற்குள் கொக்குகளும் ஆமைகளும் கூடிப் பேசிவிட்டன. நேற்றுவரை ஒன்றையொன்று திருடர் என்று ஏசியவை. ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு.

அவன் தத்தித் தத்தி மடைக்குப் போனான். அங்கே புது மடை மந்திரியாக ஒரு கொக்கு நின்றது.

"பதினொன்று தேவைப்பட்டபோது நீங்கள் மூவரும் மூன்று யானை, அண்ணே. பதினெட்டு சேர்ந்த பிறகு மூன்று தவளைதான்" என்றது.

"மடை எங்களுடையது."

"இருந்தது. கொடுத்தது நீங்கள்தானே."

மூன்றாம் நாள் குட்டை சேறாயிற்று. ஏழாம் நாள் வெடித்தது. காய்ந்து சுருண்ட குஞ்சுகளின் நடுவே நீலி உட்கார்ந்திருந்தாள். அவன் அருகே வந்ததும் நிமிராமல் அவற்றிடம் சொன்னாள்:

"மந்திரி வருகிறார். வழி விடுங்கள்."

பலர் சேர்ந்து ஆளும் இடத்தில் பதவி பிறர் தயவில் நிற்பது. அதற்காகத் தன் ஊரின் உரிமையைக் கொடுத்தவன் இரண்டையும் இழப்பான்.