சீட்டைப் பின்னால் தள்ளும் பேய்

பண்ருட்டிக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்துகிற அருளம்பலச் சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் பூவராகனுக்கு அறுபத்து நான்கு. சர்வேயராக இருந்து ரிடையர் ஆனவர், ஆறடி உயரம். ஊரார் நிலத்துக்கெல்லாம் கல் நட்டு எல்லை காட்டியவர்.

அன்று சாயங்காலம் மடத்துக்கு வந்த பூவராகன் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காரை வித்துட்டேன் சாமி. ஒரு மாசம் ஆகுது. மனசே சரியில்ல."

"எதுக்கு வித்தீங்க?"

"கண் ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்ல வர்ற லைட்டு கூசுது. ஒரு நாள் சைக்கிள்ல வந்தவர் மேல ஏத்தப் பார்த்தேன். யாரும் சொல்லல, நானா முடிவு பண்ணித்தான் வித்தேன்."

"விலை?"

"விலையில ஒரு குறையும் இல்ல."

"வாங்கினவங்க?"

பூவராகனின் முகம் சுருங்கிவிட்டது. "ஜெயக்கொடின்னு ஒரு அம்மா. வீட்டுலயே இட்லி மாவு அரைச்சுக் கடைகளுக்குப் போடுறாங்க. பின் சீட்டுல மாவு வாளி சாமி! இத்தனை வருஷத்துல அதுக்குள்ள நான் ஒரு வாழைப்பழம் உரிச்சதில்ல. இப்ப கதவைத் திறந்தா புளிச்ச வாடை."

"திறந்தீங்களா?"

"இல்ல... அப்படித்தானே அடிக்கும்னு சொன்னேன்."

பூவராகன் அவசரமாக விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து அந்தம்மாவே வீட்டுக்கு வந்துட்டாங்க. வண்டியைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றாங்க."

"ஏன்?"

"பேய் இருக்காம்."

பேயைப் பற்றிச் சொல்கிற குரலா அது? பேரன் பிறந்த சேதி சொல்கிறவரைப் போல இருந்தார்.

"ராத்திரி பூட்டிட்டுப் படுக்குறாங்களாம். காலையில பார்த்தா சீட்டு தானா பின்னால போயிருக்காம். கண்ணாடி மேல பார்த்துத் திரும்பியிருக்காம். அவங்க மாமியார் முட்டை சுத்தி உடைச்சும் பார்த்தாச்சு. நிக்கல. இப்ப அந்தம்மா வண்டியைத் தொடவே பயந்துக்கிட்டு ஆட்டோவுல மாவு ஏத்துறாங்க. லாபமெல்லாம் ஆட்டோவுக்கே போயிடுதாம். ரெண்டு கடைக்கு நேரத்துக்குப் போக முடியாம கடை கைவிட்டுப் போச்சாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன். எடுத்துக்கலாமா சாமி? நானாக் கேக்கல. அவங்களாத்தான் வந்து கேக்குறாங்க."

"எடுத்தா ஓட்ட முடியுமா?"

"ஓட்ட வேணாம். வாசல்ல நிக்கட்டும். கண்ணால பார்த்துக்கிட்டா போதும்."

"பேய் இருக்குற வண்டி உங்க வாசலுக்கு மட்டும் எதுக்கு? வெள்ளிக்கிழமை காலையில இங்க கொண்டுவரச் சொல்லுங்க. விரட்டிடலாம்."

பூவராகன் படி இறங்கும்போது அவர் கை தானாக வேட்டி பெல்ட்டைத் தடவியது. பெல்ட்டின் பைக்குள் இருந்தது அந்தக் காரின் இரண்டாவது சாவி.

கார் விற்றால் இரண்டு சாவியையும் கொடுக்க வேண்டும். இவர் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணை எங்கயோ வச்சுட்டேன். கிடைச்சதும் தர்றேன்" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார். அது அன்றைக்கும் இதே பெல்ட்டில்தான் இருந்தது.

தினமும் விடியுமுன் நடைக்குப் போவார். கால்கள் ஜெயக்கொடி வீட்டுப் பக்கம்தான் திரும்பும். வீட்டுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் வெளியே கார்க் கதவு திறப்பது யாருக்குக் கேட்கும்? உள்ளே உட்கார்ந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, கைக்குட்டையால் டேஷ்போர்டைத் துடைத்துவிட்டு, சற்று நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு பூட்டிவிட்டு நடையைத் தொடர்வார். யாரையும் பயமுறுத்த அவர் நினைக்கவே இல்லை. சீட்டை முன்போல வைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவரைப் பொறுத்தவரை சீட்டின் இடம் அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி முருகா முருகா என்று காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குள்ளமான, சுறுசுறுப்பான பெண். மடியில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கட்டிக்கொண்டு இறங்கினாள். பூவராகன் மடத்து வாசலில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரில் காய்ந்த மாவைப் பார்த்ததும் அவர் கை கைக்குட்டையைத் தேடியது.

சாமி வேப்பிலையை வாங்கவில்லை. "பேய் எந்த மாதிரிம்மா?" என்று கேட்டார்.

"கண்ணால பார்த்ததில்ல சாமி. ஆனா நெட்டையாத்தான் இருக்கணும். அது உக்கார்ந்துட்டுப் போன சீட்டுல நான் உக்கார்ந்தா பிரேக்குக்குக் கால் எட்டல."

"கெட்டது ஏதும் பண்ணுதா?"

ஜெயக்கொடி யோசித்தாள். "அதுதான் சாமி புரியல. வண்டியைத் துடைச்சு வச்சுட்டுப் போவுது."

சாமி திரும்பினார். "பூவராகன் சார், கொஞ்சம் உள்ள உக்காருங்க."

பூவராகன் குனிந்து ஏறினார். சீட்டு ஜெயக்கொடிக்கு வைத்த இடத்தில் இருந்ததால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. அவர் கை பழக்கத்தில் கீழே போய் லீவரை இழுத்தது. சீட்டு சரக்கென்று பின்னால் போனது. அடுத்து அதே கை மேலே போய்க் கண்ணாடியைத் திருப்பியது.

"இந்த அளவுதான் சாமி!" என்று கத்தினாள் ஜெயக்கொடி. "தினமும் இதே அளவுக்குத்தான் இருக்கும். பேயும் சார் உயரம்தான்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளுக்கு இன்னும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பூவராகன் சாமியைப் பார்த்தார். சாமி எங்கோ சாலையில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இன்று மாலையே கார் தன் வாசலில் நிற்கும். பூவராகனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறங்கினார். பெல்ட்டின் பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"என்ன சார் இது?"

"ரெண்டாவது சாவிம்மா. தொலையல. நான்தான் தினமும் வந்தேன்."

ஜெயக்கொடி சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய சற்று நேரமாயிற்று. புரிந்ததும் திட்டத் தொடங்கினாள்.

"பெரிய மனுஷன் பண்ற வேலையா சார் இது? புள்ளைங்கள அந்த வண்டிகிட்ட விடாம பொத்தி வச்சிருந்தேன். நான் புடிச்ச கடை ரெண்டு போச்சு. உங்களுக்கு விக்க மனசில்லன்னா வாங்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான்."

திட்டி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாமி அவள் கொண்டுவந்த எலுமிச்சம்பழங்களை முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். ஜெயக்கொடி ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தாழ்த்தினாள். பழங்கள் நசுங்கின. கார் பைபாஸில் ஏறி, வளைவு தாண்டி மறைந்தது.

பூவராகன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"கொடுத்தும் மனசு ஆறல சாமி. நாளைக்கு விடிஞ்சா கால் அந்தத் தெருவுக்குத்தான் போகும். இனிமே எந்தப் பக்கம் நடக்குறது?"

"அந்தத் தெருவுக்கே போங்க."

"போயி?"

"விடிஞ்சப்புறம் போங்க. வாசல்ல நின்னு கூப்பிட்டு, ஒரு பாத்திரத்துல மாவு வாங்கிட்டு வாங்க."