எண்பதில் ஆடிய பிக்கப்

பூலாவலசு ஊராட்சித் தலைவர் நாச்சிமுத்துவுக்கு வண்டியும் பெரிது, வாயும் பெரிது. பள்ளிக்கூடத் தெருவில் புது சிமெண்ட் ரோடு போட்ட அன்றே, ஈரம் காயும் முன் எவனோ வண்டியை ஏற்றி ஓரத்தைப் பெயர்த்துவிட்டான். "பால் வண்டி ஓட்டுற குப்பண்ணன்தான்!" என்று தலைவரே தீர்ப்புச் சொல்லி, பால் வண்டி இனி ஊருக்குள் நுழையக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து தலைவரின் பிக்கப், பைபாஸில் எண்பதைத் தொட்டாலே கிடுகிடுவென்று ஆடியது. டவுன் மெக்கானிக் இன்ஜினையே பிரித்து மாட்டியும் ஆட்டம் நிற்கவில்லை.

டீக்கடையில் குப்பண்ணனைப் பார்த்ததும் தலைவருக்கு நக்கல் வந்தது. "இருபது வருச டிரைவராமில்ல? இதைக் கண்டுபிடி பாக்கலாம். கண்டுபிடிச்சா உன் வண்டி ஊருக்குள்ள வரட்டும்."

"ஆடறது ஸ்டீயரிங்குங்களா, சீட்டுங்களா?"

"சீட்டுதான்."

"அப்படின்னா பின்சக்கரமுங்க" என்று ஜாக்கியை வைத்தான் குப்பண்ணன்.

இடது சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் கையை விட்டுத் துழாவினான். ரிம்மில் கல்லாக இறுகிய கட்டி ஒன்று ஒட்டியிருந்தது. சுத்தியலால் தட்டிப் பெயர்த்து, டீ கிளாஸ்களுக்கு நடுவே பெஞ்சில் வைத்தான். ஜல்லியும் சிமெண்டும்.

"சக்கரம் ஒருபக்கம் கனத்துப்போச்சுங்க. மெதுவாப் போனாத் தெரியாது, வேகமெடுத்தாத் தூக்கிப்போடும்."

"இது எங்கிருந்துடா வந்துச்சு?" என்று அவசரப்பட்டுக் கேட்டுவிட்டார் தலைவர்.

"பள்ளிக்கூடத் தெருவுல காணாமப் போன துண்டுதானுங்க. வாங்க, ரோட்டுல பேந்த எடத்துல வெச்சுப் பாத்துரலாம்."

டீக்கடையே எழுந்து முன்னால் நடந்தது. தலைவர் மட்டும் டீயைக் குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அவருடைய கிளாஸ் எப்போதோ காலி.