இருளாயி விரிச்ச பாய்

அப்போல்லாம் வானம் ரொம்பச் சின்னது. ஒரு நட்சத்திரம் தும்முனா பக்கத்து நட்சத்திரம் "நூறு ஆயுசு"ன்னு சொல்லும். அவ்ளோ நெருக்கமா குடியிருந்தாங்க. எல்லாருக்கும் வாய் இருந்துச்சு, பேச்சு இருந்துச்சு, வம்பும் இருந்துச்சு.

ஆனா கோவம் வந்தா யாரும் கத்த மாட்டாங்க. யார் மேல கோவமோ அவங்க பக்கமா எரியுற தங்களோட திரியை மட்டும் லேசா இறக்கிடுவாங்க. கோவம் தீர்ந்ததும் மறுபடி ஏத்துவாங்க. அதுதான் அங்க வழக்கம்.

அந்த வானத்துல வெள்ளச்சின்னு ஒருத்தி இருந்தா. பாக்கத்தான் சுண்டைக்காய், தூக்கிப் பாத்தா மலை! அவளோட குடியே அப்படித்தான். குட்டிக் குட்டியா, வெள்ளை வெளேர்னு இருப்பாங்க. அந்தக் குடியில இன்னொரு அதிசயமும் உண்டு. அத்தனை பேருக்கும் வயிறு ஒரே அளவு. ஒரு பருக்கை கூடாது, ஒரு பருக்கை குறையாது. அந்த அளவு நிறைஞ்சுதுன்னா படார்னு வெடிச்சு வெளிச்சமா போயிடுவாங்க. அதனால எல்லாரும் அரை வயித்தோட எந்திரிச்சுடுவாங்க.

இதுல வெள்ளச்சி பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். ஏன்னா அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் செவத்தான். நல்லா உப்பிப் போன செவப்பு நட்சத்திரம். அவன் அடுப்புல நெருப்புக் கஞ்சி எப்பவும் பொங்கி வழிஞ்சுகிட்டே இருக்கும்.

"இன்னும் ஒரு வாய் வச்சுக்க தாயி."

"போதும்ணே. வெடிச்சுடுவேன்."

"ஒரு வாய்ல யாரும் வெடிக்க மாட்டாங்க."

"நாங்க வெடிப்போம்ணே!"

தினமும் இதே கூத்து.

வெள்ளச்சிக்கு அரும்புன்னு ஒரு தங்கச்சி. ஒருநாள் செவத்தான் வீட்டு விருந்துக்கு அரும்பு புதுசா திரி போட்டு, வெளிச்சத்தை வாரி முடிச்சுக்கிட்டு வந்தா. "அக்கா, எப்படி இருக்கு?"ன்னு ஆசையா கேட்டா. வெள்ளச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? "நீ வந்திருக்கியா? நான் பாக்கவே இல்லையே. விளக்கை ஏத்திட்டு வாடி!"

பந்தியே சிரிச்சுது. அரும்பு, அக்கா பக்கத்துத் திரியை இறக்கிட்டு, எந்திரிச்சுப் போய் வானத்து ஓரத்துல தனியா குடி வச்சுட்டா.

'அடுத்த சாப்பாட்டுக்குள்ள ஏத்திடுவா'ன்னு வெள்ளச்சி நினைச்சா. ஏத்தல. நாளாக நாளாக அரும்போட வெளிச்சம் இன்னும் மங்குச்சு. வெள்ளச்சி மனசு கேக்காம தன்னோட திரியை ஏத்திக் காட்டினா. 'போதும்டி, வந்துரு'ன்னு அர்த்தம். இன்னும் ஏத்தினா. அந்தப் பக்கம் இன்னும்தான் மங்குச்சு.

"ரோசக்காரி தாயி. இறக்கிக்கிட்டே போறா பாரு"ன்னான் செவத்தான்.

வெள்ளச்சிக்குக் கஞ்சி இறங்கல. விளிம்புக்குப் போய் நின்னு, "அரும்பூ..."ன்னு கூப்பிட்டா. சத்தம் போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. எங்கயும் இடிக்கல, திரும்பவும் வரல.

"யாரைத் தேடுற?"

மெத்துன்னு ஒரு குரல். பாத்தா, இடைவெளியில இருளாயி உக்காந்திருந்தா. இருளாயி இருக்கிறதையே எல்லாரும் மறந்துட்டாங்க. வானத்துல எல்லாரும் இடம் பிடிச்சு உக்காந்தப்போ அவளுக்கு மட்டும் இடம் இல்ல. "எங்க காலியா இருக்கோ அங்க உக்காந்துக்க"ன்னு சொல்லிட்டாங்க. அவளும் ஒரு பாயைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இடைவெளிக்குப் போயிட்டா.

"என் தங்கச்சியத்தான் தேடுறேன். கோவத்துல திரியை இறக்கிக்கிட்டே போறா."

"யாரு, அரும்பா? அவ எங்க இறக்கினா? குடி வச்ச அன்னைக்கே அழுதுக்கிட்டே ஏத்திட்டாளே. முழுசா எரியுறா பாவம். அவளும் இதையேதான் சொல்றா. 'அக்கா என் மேல திரியை இறக்கிக்கிட்டே போறா'ன்னு. இல்லன்னு நான் சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறா."

வெள்ளச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "நான் ஏத்திதானே வச்சிருக்கேன்! அப்புறம் ஏன் மங்குது?"

இருளாயி கூச்சத்தோட தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "என் பாயால. நீங்க எல்லாம் இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ ஒரு முனைதான் விரிஞ்சுது. அப்புறம் ஆளாளுக்குக் கொஞ்சம் தள்ளிப் போனீங்களா, அந்தச் சந்துல இன்னும் கொஞ்சம் விரிஞ்சுது. விரிஞ்ச எடத்துலயிருந்தே புதுப் பாய் முளைக்குது. அது இன்னும் தள்ளுது. இப்போ என் கையில இல்ல, வரவர வேகமா ஓடுது."

"அப்போ சுருட்டு!"

"எனக்கு விரிக்கத்தான் தெரியும் வெள்ளச்சி. சுருட்டத் தெரியாது."

வெள்ளச்சி அந்த ஓரத்தைப் பாத்தா. இன்னும் கொஞ்ச காலத்துல அரும்பு கண்ணுக்கே தெரியாம போயிடுவா. போறது கூடப் பரவாயில்ல. 'அக்கா வெறுத்துட்டா'ன்னு நினைச்சுக்கிட்டே போவாளே! கூப்பிட்டா கேக்காது. திரியை எவ்ளோ ஏத்தினாலும், கோவமா தூரமான்னு அவளுக்கு எப்படித் தெரியும்? மங்கலா வர்ற வெளிச்சத்துக்கு வாயா இருக்கு?

அப்பத்தான் அவளுக்கு அது தோணுச்சு. கூட்ட முடியாத, குறைக்க முடியாத வெளிச்சம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதோட அளவு அரும்புக்கும் தெரியும். ஏன்னா அதே வயிறு அவளுக்கும் இருக்கு.

வெள்ளச்சி செவத்தான் வீட்டு அடுப்படியில வந்து உக்காந்தா.

"அண்ணே, இன்னும் ஒரு வாய் வைங்க."

செவத்தான் சந்தோஷமா வச்சான். "இன்னும்"னா. வச்சான். "இன்னும்ணே." அப்போதான் அவன் முகம் மாறுச்சு. அகப்பை அந்தரத்துல நின்னுச்சு.

"போதும் தாயி."

"ஒரு வாய்ல யாரும் வெடிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அது சும்மா சொல்றது புள்ள..."

"அண்ணே, அவ என்னைத் தப்பா நினைச்சுக்கிட்டே போறா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

செவத்தான் அகப்பையை மறுபடி கஞ்சியில முக்கினான். அப்புறம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, கடைசி வாயை ஊட்டிவிட்டான்.

ஒரு பருக்கை கூடல, ஒரு பருக்கை குறையல.

வலிக்கும்னு நினைச்சா வெள்ளச்சி. வலிக்கல. ஒரு பூ மொத்தமா ஒரே மூச்சுல மலர்ற மாதிரி இருந்துச்சு. கையில்ல, காலில்ல, கனமும் இல்ல. வெறும் வெளிச்சம். எல்லாப் பக்கமும் போனா, ஆனா மனசு மட்டும் ஒரே பக்கம் போச்சு.

பாய் மேல ஓடினா. கோரை கோரையா, கறுப்பா, சில்லுன்னு, முடிவே இல்லாத பாய். அவ ஓட ஓட அதுவும் விரிஞ்சுது. பாதை நீளுச்சு. பாதையோட சேந்து அவளும் நீண்டா. இழுபட்டு இழுபட்டு அவளோட வெள்ளை மெல்லச் செவந்துச்சு, செவத்தான் அடுப்பு மாதிரியே. "மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க"ன்னு இருளாயி முணுமுணுத்தது வழி நெடுக கேட்டுச்சு. வெள்ளச்சி அவளைத் திட்டல. உக்கார இடம் கேட்டவதானே, பாவம்.

கடைசில, வானத்தோட அந்த ஓரத்துல, அக்கா இருந்த பக்கத்துலயிருந்து ஒரு செவப்புப் பொட்டு அரும்பு கண்ணுல விழுந்துச்சு.

"என்னமோ மினுக்குது. சுண்டிப் போன வெளிச்சம்"னுச்சு பக்கத்து நட்சத்திரம்.

அரும்பு கண்ணை எடுக்காம பாத்தா. அந்தப் பொட்டு பெருசாச்சு, ஒரு கணம் நின்னுச்சு, பிறகு மெல்ல மெல்ல அணைஞ்சுது. அப்படி ஏறி அப்படி இறங்குறது எதுன்னு அவ குடிக்குத் தெரியாதா?

"இது எங்க வயித்து வெளிச்சம்டி! நிறைஞ்சாத்தான் வரும். கஞ்சத்தனமா வராது, கோவத்துல குறையாது."

"இத்தனூண்டுதானே தெரியுது?"

"அதான்... இத்தனூண்டா தெரியுதுன்னா..." அரும்பு விளிம்புக்கே வந்துட்டா. "அக்கா அவ்ளோ தூரத்துல இருந்தாளா? நான் நினைச்சதை விடவும் தூரத்துல இருந்தாளா? அப்போ அவ திரியை இறக்கவே இல்லையா?"

அக்காவைத் தப்பா நினைச்ச அத்தனை காலத்துக்கும் சேத்து அழுதா அரும்பு. அழுதுகிட்டே, அக்கா இருந்த பக்கத்துத் திரியை இன்னும் ஏத்தினா. அது போய்ச் சேர அங்க யாரும் இல்லன்னு தெரிஞ்சும் ஏத்தினா.

அந்த வெளிச்சத்துக்குப் பிறகும் வெள்ளைக் குட்டி நட்சத்திரங்க எங்க வெடிச்சாலும் அதே அளவு வெளிச்சத்தோடதான் வெடிக்குது. அதனாலதான் இன்னைக்கும் கண்ணாடிக் குழல் வச்சு வானத்தைப் பாக்கிறவங்க, நினைச்சதை விட மங்கலா ஒரு செவப்புப் பொட்டு தெரிஞ்சா, அது கோவம் இல்ல, தூரம்னு சொல்லிட்டு, இருளாயி பாய் எவ்ளோ வேகமா விரியுதுன்னு அளந்து பாக்கிறாங்க.