தளவாயைத் தூக்கிப் போன கழுகு

மச்சினன் சீனிமுத்து வெறுங்கூண்டோடு வீட்டையொட்டிய களத்துக்குள் நுழைந்தபோது குருவையா தலையை நிமிர்த்தவே இல்லை. குதிரைவால் மயிரை முறுக்கிக் கௌதாரிக் கண்ணி கட்டிக்கொண்டிருந்தார். கௌதாரி பிடிக்கத் தடை என்றெல்லாம் யாரும் கேள்விப்படாத காலம் அது.

இன்னும் எட்டு நாளில் பாரிவேட்டை. ஊர் ஆம்பிளைகள் மொத்தமும் சாமி கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குக் கிளம்பும்போது, பழக்கின கௌதாரியைக் கூண்டோடு தோளில் சுமந்து முன்னால் நடக்க ஒருத்தர் வேண்டும். இருபது வருஷமாகக் குருவையாதான் நடந்தார். இந்த வருஷம் முழங்கால் வீங்கி மடக்க முடியவில்லை. உடனே சீனிமுத்து, இனி அந்த இடம் தனக்குத்தான் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான். வாய்க்கு மட்டும் கூலி உண்டென்றால் அவன் ஜமீன் வாங்கியிருப்பான்.

சரி, பார்த்துவிடுவோம் என்று அன்றைக்கு விடியற்காலையில் தளவாயை அவன் கையில் கொடுத்து அனுப்பினார். தளவாய் என்பது அவருடைய கௌதாரி. குஞ்சிலிருந்து கறையான் பொறுக்கிப் போட்டு வளர்த்தது. கூண்டுக்குள் இருந்து அது ஒரு சத்தம் கொடுத்தால், காட்டுக் கௌதாரிச் சேவல் சண்டைக்கு ஓடிவந்து சுற்றி வைத்த கண்ணியில் மாட்டும். குருவையா இரண்டே இரண்டு விஷயம்தான் சொல்லி அனுப்பினார். கூண்டை விட்டு வெளியே எடுக்காதே. கண்ணை மூடாதே. தளவாயின் சத்தம் காட்டுக் கௌதாரிக்கு மட்டும் கேட்பதில்லை, வல்லூறுக்கும் கேட்கும்.

அந்தத் தளவாய் இப்போது குருவையாவின் முதுகுக்குப் பின்னால், கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடைக்குள், மேலே சாக்குப் போட்டு மூடி இருந்தது. உச்சிப்பொழுதில் தானாகவே நடந்து வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஒரு காலில் கறுப்பு அரைஞாண் கயிறு. கயிற்றின் நுனியில் வெள்ளித் தாயத்து. பார்த்த மாத்திரத்தில் குருவையாவின் பெண்டாட்டி முப்பிடாதி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் தம்பி இடுப்பில் அவளே மந்திரித்துக் கட்டிவிட்ட தாயத்து அது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர் சொல்லத் தேவையில்லை. கௌதாரியைக் கூண்டை விட்டு வெளியே எடுத்திருக்கிறான். கால் கட்டக் கயிறு இல்லாமல் அரைஞாணை அவிழ்த்துக் கட்டியிருக்கிறான். கட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறான்.

"பாவம், தூங்கிட்டான். வந்து ஒத்துக்கிட்டா விட்டுருங்க. கூண்டை அவன்கிட்டயே குடுத்துருங்க. இல்லன்னா ஊருக்குள்ள அவனால தலை காட்ட முடியாது" என்று முப்பிடாதி கெஞ்சினாள். குருவையாவும் சரியென்றுதான் சொல்லியிருந்தார். ஒரே ஒரு உண்மை. அதைச் சொன்னால் போதும், கூண்டு அவனுக்கு.

சீனிமுத்து கூண்டை இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூடவே கண்ணி கட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொன்னிருளன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"தளவாய் எங்க மாப்ள?" என்றார் குருவையா.

"அத்தான், மனசைத் திடப்படுத்திக்கோங்க. தளவாயைக் கழுகு கொண்டுபோயிட்டு."

"நீ தூங்கிட்டியா?"

"தூக்கமா? மூணு நாளைக்கு என் கண்ணு மூடாது அத்தான். கழுகுன்னா நீங்க நினைக்கிற கழுகு இல்ல. நிழல் விழுந்ததைப் பாத்துட்டு, பொழுது சாஞ்சிட்டுன்னு ஆடு மேய்க்கிறவனெல்லாம் பட்டிக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். நல்லா ஒன்பது மணி வெயில்ல."

குருவையா மயிரை இன்னொரு முறுக்கு முறுக்கினார். இப்படித்தான் ஆரம்பிப்பான் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆட்டோடு நிறுத்துவான் என்று ஒரு நப்பாசை.

"ஒரு சிறகு அடிச்சுது பாருங்க, அந்தக் காத்துல நாலு ஊருக் களத்துலயும் கம்பு தானாத் தூத்திக்கிட்டுது. பதர் ஒருபக்கம், மணி ஒருபக்கம். களத்துச் சம்சாரியெல்லாம் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான்."

"இது மாசி மாசம்லே. எவன் களத்துல கம்பு கெடக்கு?" என்றார் பொன்னிருளன்.

"போன வருஷத்துக் கம்பு. தூத்தாமப் போட்டுருந்தான்."

"கூண்டு உன் கையிலதான இருக்கு. கௌதாரிய எப்படி எடுத்துச்சு?"

"அலகால கதவைத் திறந்துச்சுண்ணே. கௌதாரிய எடுத்துச்சு. திரும்பவும் கதவைச் சாத்தி, கொண்டியும் போட்டுட்டுத்தான் கிளம்புச்சு. அவ்வளவு ஒழுங்கான கழுகை நான் பாத்ததே இல்ல."

முப்பிடாதி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தம்பி முன்னால் வைத்தாள். வைத்தவள் எழுந்து போகவில்லை. "ஏலே, கண் அசந்திருந்தா அசந்துட்டேன்னு சொல்லு. யாரும் உன்னைத் தின்னுர மாட்டாங்க" என்றாள். அவள் குரல் கெஞ்சியது. குருவையாவுக்கே ஒரு மாதிரி இருந்தது. கண்ணியைக் கீழே வைத்துவிட்டு மச்சினன் முகத்தைப் பார்த்தார். அவனோ செம்பை அண்ணாந்து காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு முன்னைவிடத் தெம்பாக ஆரம்பித்தான்.

"தின்னுச்சு அக்கா. அங்கதான வாறேன். கழுகு எழும்பவும் நான் விடுவேனா? தாவி அது காலைப் பிடிச்சுட்டேன். காலா அது? பனைமரத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரி இருக்கு. கழுகுமலை எனக்குக் கீழ கடுகாத் தெரியுது. மேகத்துக்குள்ள போனோம். வேட்டியத் தொட்டுப் பாருங்க, இன்னும் ஈரம் காயல."

"ஓடையில விழுந்து எந்திரிச்சு வந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் பொன்னிருளன்.

"கூட்டுல கொண்டுபோய் இறக்குச்சு. கூடு எதுல கட்டிருக்குங்கிய? சுள்ளியில இல்ல. வண்டிச் சக்கரம், ஏர்க்கால், கயித்துக் கட்டில்."

பொன்னிருளன் முகத்தை வெகு கவலையாக வைத்துக்கொண்டார். "என் நுகத்தடி தையிலருந்து காணல. அங்க இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சுண்ணே. நடு மத்தியில. உங்க நுகத்தடின்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டு."

"அது நம்ம தொழுவத்துலதான் கெடக்கு. நான் இரவல் வாங்கினது" என்றார் குருவையா.

இன்னொருத்தனாக இருந்தால் அந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பான். சீனிமுத்து இமைக்கக்கூட இல்லை. நுகத்தடிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மேலே போனான். கூட்டில் மூன்று குஞ்சுகளாம். ஒவ்வொன்றும் உழவு மாடு உயரமாம். உண்டிவில்லை எடுத்து மூன்றையும் மூலைக்கு ஒன்றாக ஒதுக்கினானாம். உண்டிவில் அவன் வீட்டு விட்டத்தில் தொங்குவதைக் குருவையா காலையில்தான் பார்த்திருந்தார். கேட்கப் போனால் அதற்கும் ஒன்று சொல்வான் என்று வாயைத் திறக்கவில்லை. இவனைத் தோளில் கூண்டோடு ஊருக்கு முன்னால் நடக்கவிட்டால், காட்டில் ஒரு குருவிகூட மிஞ்சாது, எல்லாம் சிரித்தே செத்துப்போகும் என்று நினைத்துக்கொண்டார்.

"தாய்க்கழுகுக்குக் கோபம் வந்துட்டு. என்னை அப்படியே முழுங்கிட்டுது" என்றான் சீனிமுத்து.

"முழுங்கிட்டுதா?"

"முழுசா. உள்ள கன்னங்கரேல்னு இருட்டு. சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஆனா அக்கா கட்டுன தாயத்து இருக்குல்லா? அது கழுகு தொண்டையில உறுத்திருக்கு. ஒரு இருமல் இருமி என்னை வெளிய துப்பிட்டுது. துப்புன வேகத்துல நேரா நம்ம ஊர்க் காட்டுல வந்து விழுந்தேன்."

குருவையா மெதுவாகக் கேட்டார். "தாயத்து பத்திரமா இருக்கா?"

"இருக்காம எங்க போகும்?" சீனிமுத்து வேட்டிக்கு மேலே இடுப்பைத் தட்டிக் காட்டினான். "இது மட்டும் இல்லன்னா உங்க மச்சினன் இன்னைக்கு இல்ல."

முப்பிடாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குருவையாவுக்குக் கோபம்கூட வரவில்லை. காறித் துப்பவேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான்.

"தளவாய்?" என்றார்.

"அதுக்கு முன்னாலயே உசுரை விட்டுட்டு அத்தான். கழுகு துப்பும்போது தளவாயோட இறகு ரெண்டும் கூட வந்து விழுந்துச்சு. உடைமரத்தடியில குழி தோண்டி அடக்கம் பண்ணி, பாலும் ஊத்திட்டுத்தான் வாறேன்."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாரத்துக்குள்ளிருந்து தளவாய் ஒரு சத்தம் கொடுத்தது. களம் முழுக்கக் கேட்டது. பொன்னிருளன் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

சீனிமுத்து மட்டும் காதில் கை வைத்துக் கண்ணை மூடினான். "கேக்குதா? எனக்குக் காலையிலருந்து இப்படித்தான். செத்தும் என்னைக் கூப்பிடுது அத்தான். அதனால சொல்லுதேன், உங்ககிட்ட வளருற அந்தச் சின்னக் கௌதாரிய எனக்குக் குடுங்க. பாரிவேட்டைக்கு நான் கூண்டைத் தூக்கிட்டு முன்னால நடக்காட்டி தளவாய் ஆத்மா சாந்தியடையாது."

குருவையா திரும்பி உட்கார்ந்து, சாக்கை உருவி, பஞ்சாரத்தைத் தூக்கினார். தளவாய் வெளியே வந்து சிறகை உதறியது. நிதானமாகச் சீனிமுத்துவை நோக்கி நடந்தது. காலில் கட்டிய கறுப்புக் கயிறு புழுதியில் இழுபட்டு வர, நுனியில் தாயத்து வெயிலில் மின்னியது.

சீனிமுத்து தாயத்தைப் பார்த்தான். கை தானாக இடுப்புக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஒரு மனிதனுக்கு வெட்கம் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரமும் குருவையா காத்திருந்தார். வரவில்லை.

"பாத்தீங்களா அத்தான்" என்றான் சீனிமுத்து. "நான்தான் சொன்னேனே, ஒழுங்கான கழுகுன்னு. மனசு கேக்காம உயிர் குடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுருக்கு. நான் அடக்கம் பண்ணுனதுல அதுக்கு அவ்வளவு திருப்தி."

முப்பிடாதி செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குருவையா குனிந்து தளவாயைப் பிடித்து, காலிலிருந்த அரைஞாணை அவிழ்த்து மச்சினன் மடியில் போட்டார். கௌதாரியைக் கூண்டில் விட்டு, கொண்டியை மாட்டி, கூண்டைப் பொன்னிருளன் பக்கம் நகர்த்தினார்.

"பொன்னிருளா, இந்தப் பாரிவேட்டைக்கு நீ கூண்டைத் தூக்கு. அதுவரைக்கும் இது உன் வீட்டுல இருக்கட்டும்."

"அப்ப நான்?" என்றான் சீனிமுத்து.

குருவையா மறுபடியும் கண்ணி கட்ட ஆரம்பித்திருந்தார்.

"நீ வேண்டாம் மாப்ள. பொன்னிருளனுக்கு முடியாமப் போச்சுன்னா அந்தக் கழுகுக்குச் சொல்லி அனுப்பு. அது தூங்காது, கதவையும் மறக்காமச் சாத்துது."